வேறொருவர் கட்டிய அணி

1974 ஆகஸ்ட் 10. லண்டன் வெம்ப்ளி மைதானம். இங்கிலாந்தின் கால்பந்து சீசனைத் தொடங்கிவைக்கும் சேரிட்டி ஷீல்டு ஆட்டத்துக்காக இரண்டு அணிகள் பக்கம் பக்கமாக நடந்து வருகின்றன. ஒன்று, லீக் சாம்பியன் லீட்ஸ் யுனைடெட். மற்றது, எஃப்.ஏ. கோப்பையை வென்ற லிவர்பூல். லிவர்பூலுக்கு முன்னால் நடப்பவர் பில் ஷாங்க்லி. மேனேஜர் பதவியை விட்டு விலகிவிட்டார்; மரியாதைக்காகக் கடைசி முறையாக அணியை அழைத்து வருகிறார். லீட்ஸுக்கு முன்னால் நடப்பவர் பிரையன் கிளஃப். பொறுப்பேற்று இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அந்தக் கோடையில் இரண்டு கிளப்புகளிலும் ஆட்சி மாறியிருந்தது. லீட்ஸை 13 ஆண்டுகள் வளர்த்த டான் ரெவி இங்கிலாந்து தேசிய அணிக்குப் போய்விட, அவர் இடத்துக்குக் கிளஃப் வந்தார். ஷாங்க்லியின் இடத்துக்கு, அவருக்குக் கீழே வேலை பார்த்த பாப் பெய்ஸ்லி வந்தார். இருவருக்கும் கிடைத்தவை முதல் தரமான அணிகள். ஒவ்வொன்றையும் கட்டியவர் வேறொருவர். கிளஃப் 44 நாளில் வேலையிழந்தார். பெய்ஸ்லி ஒன்பது சீசன்களில் 6 லீக் பட்டங்களும் 3 ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார்.

இத்தனைக்கும் 1972இல் டெர்பி கவுண்டியை லீக் சாம்பியனாக்கிக் காட்டியவர் கிளஃப். பெய்ஸ்லி ஒரு கிளப்பின் மேனேஜராக அதுவரை இருந்ததே இல்லை. பதவியே வேண்டாம் என்று தயங்கியவர்.

ஒரு கிளப்புக்குப் புது மேனேஜர் வரும்போதெல்லாம் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இருக்கிற ஆட்களை வைத்து இவரால் ஜெயிக்க முடியுமா?" என்பதுதான். நாம் பயிற்சியாளர் என்று சொல்பவரையே இங்கிலாந்தில் மேனேஜர் என்கிறார்கள். யார் ஆட வேண்டும், எந்த இடத்தில் ஆட வேண்டும், எந்த முறையில் ஆட வேண்டும் என்று முடிவெடுப்பவர் அவர். ஆனால் வீரர்கள் முன்பே ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். வீரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் காலம் வருஷத்துக்கு இரண்டு முறைதான் வரும். நின்ற பயிரோடு நிலத்தை வாங்கியவரின் நிலைமைதான் புது மேனேஜருக்கும். விதைத்தது வேறொருவர், அறுவடைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இவர்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மேனேஜரின் பழைய கோப்பைகளை எண்ணுகிறார்கள். கிளஃபின் கதை அந்தக் கணக்கு எவ்வளவு பொய்யானது என்று சொல்கிறது. எண்ண வேண்டியவை வேறு. அவற்றில் பெரும்பாலானவை ரசிகரின் கண்ணுக்கே தெரிபவை.

லீட்ஸில் நடந்தது

ரெவியின் லீட்ஸ் முரட்டு ஆட்டம் ஆடுகிறது, நடுவர்களை நெருக்குகிறது என்று பல ஆண்டுகளாகப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியவர் கிளஃப். அந்த அணியை இரண்டாம் டிவிஷனுக்குத் தரமிறக்க வேண்டும் என்றுகூடப் பத்திரிகையில் எழுதியவர். அப்படிப்பட்டவர் அதே வீரர்களுக்கு முன்னால் மேனேஜராக வந்து நின்றார். நீங்கள் வென்ற பதக்கங்களையெல்லாம் குப்பையில் போடுங்கள், ஒன்றையும் நேர்மையாக வெல்லவில்லை என்ற பொருளில் அவர் பேசியதை அந்த வீரர்கள் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். காயங்களால் அவதிப்பட்ட எடி கிரேயிடம், நீ குதிரையாக இருந்திருந்தால் இந்நேரம் சுட்டுப் போட்டிருப்பார்கள் என்றார். அங்கே ஜானி ஜைல்ஸ் என்ற மூத்த வீரரும் இருந்தார். தனக்குப் பிறகு மேனேஜராக்க வேண்டும் என்று ரெவி பரிந்துரைத்தது அவரைத்தான்.

வெம்ப்ளி ஆட்டத்தில் லீட்ஸ் கேப்டன் பில்லி பிரெம்னரும் லிவர்பூலின் கெவின் கீகனும் மோதிக்கொண்டு வெளியேற்றப்பட்டார்கள். பிரெம்னருக்குப் பல வாரத் தடை. சீசனின் தொடக்க வாரங்களில் பலவற்றை அணியின் இதயம் போன்றவர் இல்லாமலே கிளஃப் கடக்க வேண்டியிருந்தது. அவருடைய வலது கை போன்ற பீட்டர் டெய்லரும் லீட்ஸுக்கு உடன் வரவில்லை. 6 லீக் ஆட்டங்களில் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. செப்டம்பர் 12 அன்று கிளப் அவரை நீக்கியது.

அந்த வீரர்களின் காலம் முடிந்துவிட்டதோ என்று சந்தேகிப்பவர்களுக்கு அதே சீசன் பதில் வைத்திருக்கிறது. கிளஃபுக்குப் பின் அமைதியான சுபாவம் கொண்ட ஜிம்மி ஆர்ம்ஃபீல்டு வந்தார். பெரும்பாலும் அதே வீரர்களைக் கொண்டு லீட்ஸை ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 1975 மே 28 அன்று பாரிஸில் பேயர்ன் மியூனிக்கிடம் 2-0 என்று தோற்றாலும், ஐரோப்பாவின் முதல் இரண்டு அணிகளில் ஒன்றாக நிற்கும் வலு அந்தக் கால்களில் இன்னும் இருந்தது என்பது நிரூபணமானது. கிளஃபிடம் அவர்கள் தோற்றது கால்களால் அல்ல.

மேனேஜர் என்ன நினைக்கிறார் என்பதைவிட, அதை வீரர்களிடம் எப்படிச் சொல்கிறார் என்பது முதல் சில வாரங்களில் முக்கியமாகிவிடுகிறது. ஒரு வீரருக்குத் தன் பழைய பதக்கம் வெறும் உலோகம் அல்ல. இளமை முழுவதையும் கொடுத்து வாங்கியது. அதை மதிக்காதவருக்காக அவர் தொண்ணூறு நிமிடம் உயிரைக் கொடுத்து ஓட மாட்டார்.

2015இல் லெஸ்டர் சிட்டிக்கு வந்த கிளாடியோ ரனியேரி நேர்மாறாக நடந்துகொண்டார். முந்தைய மேனேஜர் நைஜல் பியர்சனின் உதவியாளர்கள் கிரேக் ஷேக்ஸ்பியரையும் ஸ்டீவ் வால்ஷையும் அப்படியே வைத்துக்கொண்டார். பியர்சனின் அணி முந்தைய சீசனின் கடைசி 9 ஆட்டங்களில் 7ஐ வென்று தரமிறக்கத்திலிருந்து தப்பியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று ரனியேரி முடிவு செய்தார். ஒரு கோலும் விடாமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று வீரர்களிடம் சொன்னார், வாங்கியும் தந்தார். புதிதாக வந்த என்கோலோ கான்டே நடுக்களத்தைக் காக்க, ஏற்கெனவே இருந்த ஜேமி வார்டி 24 கோல்களும் ரியாத் மஹ்ரெஸ் 17 கோல்களும் அடித்தார்கள். சூதாட்ட நிறுவனங்கள் 5,000க்கு 1 என்று மதிப்பிட்டிருந்த லெஸ்டர், 10 புள்ளி முன்னிலையில் இங்கிலாந்து சாம்பியன் ஆனது.

வயதுக் கணக்கு

வீரர்களை மதிப்பது மட்டும் போதும் என்றால் டேவிட் மொய்ஸ் தோற்றிருக்கக் கூடாது. 2013இல் சர் அலெக்ஸ் ஃபெர்குசன் 26 ஆண்டுகளுக்குப் பின் ஓய்வு பெற்றபோது, மான்செஸ்டர் யுனைடெட் 11 புள்ளி வித்தியாசத்தில் லீக்கை வென்றிருந்தது. எவர்ட்டனில் 11 ஆண்டுகள் நற்பெயர் எடுத்த மொய்ஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் தரப்பட்டது. சாம்பியன் அணி கைக்கு வருகிறது, இதைவிட நல்ல சொத்து என்ன இருக்க முடியும் என்றுதான் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியது.

சொத்தின் வயதைப் பார்த்திருந்தால் கவலை வந்திருக்கும். சீசன் தொடங்கியபோது ரையான் கிக்ஸுக்கு 39 வயது. பின்களத்தின் தூண் ரியோ ஃபெர்டினாண்டுக்கு 34. பாட்ரிஸ் எவ்ராவுக்கும் மைக்கேல் கேரிக்குக்கும் 32. கேப்டன் நெமான்யா விடிச்சுக்கு 31. முந்தைய சீசனில் 26 லீக் கோல் அடித்த ராபின் வான் பெர்சிக்கு 30. பால் ஸ்கோல்ஸ் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார். ஃபெர்குசன் என்ற மனிதரின் அதிகாரமும் அனுபவமும் அந்த அணியைக் கடைசி ஒரு சுற்று ஓடவைத்தன. அவர் போனதும் அணியின் உண்மையான வயது தெரிந்தது. கிக்ஸ், ஃபெர்டினாண்டு, விடிச், எவ்ரா நால்வரும் அடுத்த கோடையில் ஒரேயடியாக வீரர்கள் பட்டியலிலிருந்து வெளியேறினார்கள்.

மொய்ஸின் பங்கும் இதில் உண்டு. ஃபெர்குசனிடம் இருந்த பயிற்சிக் குழு போய், எவர்ட்டனிலிருந்து அவருடைய ஆட்கள் வந்தார்கள். யுனைடெட் வீரர்களின் பழக்கவழக்கங்களை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் அப்படி ஒரே கோடையில் மறைந்தார்கள். அவர்களில் ஒருவர் ரெனே மியூலன்ஸ்டீன். 2014 பிப்ரவரி 9 அன்று, பட்டியலில் கடைசி இடத்தில் இருந்த ஃபுல்ஹம் அணி ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்தது. அதன் மேனேஜராக வந்தவர் அதே மியூலன்ஸ்டீன். அன்று யுனைடெட் பக்கவாட்டிலிருந்து கோல் முகப்புக்கு 81 கிராஸ்களைத் தூக்கி அடித்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. எவர்ட்டனில் மொய்ஸுக்குக் கைகொடுத்த ஆட்டமுறை, வேறு விதமாக ஆடிப் பழகிய வீரர்களிடம் எடுபடவில்லை. ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். யுனைடெட் அந்த சீசனை 7ஆம் இடத்தில் முடித்தது.

ஆகவே பட்டியலில் ஓர் அணி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து அதன் தரத்தை முடிவு செய்வது ஆபத்து. முக்கிய ஆட்டக்காரர்களின் வயது என்ன, எத்தனை பேரின் ஒப்பந்தம் முடியப்போகிறது, கடந்த சில ஆண்டுகளில் இளம் வீரர்கள் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்பவை எல்லோருக்கும் கிடைக்கும் தகவல்கள்தான். அவற்றைப் பார்த்தால், புதியவர் கையில் வந்திருப்பது காய்க்கும் மரமா, காய்த்து ஓய்ந்த மரமா என்று தெரிந்துவிடும்.

ஒரே சட்டை, இரண்டு உடம்பு

அடுத்தது ஆட்டமுறை. பின்களத்தில் மூன்று பேர், இரு ஓரங்களிலும் மைதானத்தின் முழு நீளத்துக்கு ஓடும் இரண்டு விங்-பேக்குகள், நடுவில் இருவர், முன்னால் இருவர், உச்சியில் ஒருவர் என்ற 3-4-2-1 அமைப்பை எடுத்துக்கொள்வோம். இதே அமைப்போடு சீசன் நடுவில் பெரிய ஆங்கிலக் கிளப்புகளுக்கு வந்த இருவரைப் பார்ப்போம்.

2021 ஜனவரி 26 அன்று செல்சிக்கு வந்தார் தாமஸ் டூஹெல். அணி 9ஆம் இடத்தில் இருந்தது. மறுநாளே முதல் ஆட்டம். புது வீரர்கள் யாரையும் அவர் வாங்கவில்லை. முந்தைய மேனேஜர் ஃபிராங்க் லாம்பார்டு ஒதுக்கிவைத்திருந்த அன்டோனியோ ரூடிகரையும் மார்க்கோஸ் அலோன்சோவையும் மீண்டும் கொண்டுவந்தார். முதல் 14 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. அணி விட்டது 2 கோல்தான். நான்கு மாதம் கழித்து, மே 29 அன்று, போர்ட்டோ நகரில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று செல்சி ஐரோப்பிய சாம்பியன் ஆனது.

2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார் ரூபன் அமோரிம். போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு இரண்டு லீக் பட்டங்கள் வாங்கித் தந்த இளம் மேனேஜர். அதே 3-4-2-1 அமைப்பை உறுதியாகப் பின்பற்றினார். அந்த சீசனில் அவர் பொறுப்பில் ஆடிய 27 லீக் ஆட்டங்களில் யுனைடெட் 7ஐ மட்டும் வென்றது. 14இல் தோற்றது. பட்டியலில் 15ஆம் இடம். 1974இல் தரமிறக்கப்பட்ட பிறகு அந்தக் கிளப் கண்ட மிகத் தாழ்ந்த இடம் இதுதான்.

அமைப்பு ஒன்று, முடிவுகள் இரண்டு. செல்சியில் தியாகோ சில்வா, ரூடிகர், அஸ்பிலிக்குவேட்டா, கிறிஸ்டென்சன் என்று மூவர் பின்களத்துக்குத் தேவையான ஆட்கள் நிறைய இருந்தார்கள். ஓரங்களில் ஓடுவதற்கு ரீஸ் ஜேம்ஸ், பென் சில்வெல், அலோன்சோ இருந்தார்கள். போதாததற்கு, அந்தக் கிளப்புக்கு அது பழகிய முறை. 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று அடி வாங்கிய நாளில் அன்டோனியோ கான்டே அங்கே மூவர் பின்களத்துக்கு மாறி, அடுத்து தொடர்ச்சியாக 13 லீக் ஆட்டங்களை வென்று பட்டத்தையும் தட்டிச் சென்றார். அன்று ஆடிய அஸ்பிலிக்குவேட்டாவும் அலோன்சோவும் டூஹெலின் காலத்திலும் இருந்தார்கள்.

யுனைடெட்டோ நால்வர் பின்களத்துக்காகச் சேர்க்கப்பட்ட அணி. அங்கே நிறைய இருந்தவர்கள் விங்கர்கள். அமோரிமின் அமைப்பில் விங்கருக்கு இடமே இல்லை. இடது ஓரத்துக்குப் பொருத்தமான ஆள் காயத்தில் கிடந்ததால், வலது பக்கத்து வீரர்களை அங்கே நிறுத்த வேண்டியிருந்தது. ஜனவரி டிரான்ஸ்ஃபர் காலத்தில் பாட்ரிக் டோர்கு வாங்கப்படும் வரை அந்த ஓட்டை அடைபடவில்லை. அமோரிமின் முறை தவறு என்று இதற்குப் பொருளில்லை. ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவருக்குப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

புது மேனேஜரின் பெயர் அறிவிக்கப்பட்டதும் ஒரு ரசிகர் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. அவருடைய முந்தைய அணி ஆடிய அமைப்பை ஒரு தாளில் வரைந்து, தம் அணியின் வீரர்களை அதில் நிரப்பிப் பார்ப்பது. மூன்று நான்கு இடங்கள் காலியாகக் கிடந்தால் இரண்டே வழிகள். மேனேஜர் தம் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது கிளப் நிறையச் செலவு செய்து பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்காது என்று தெரிந்தால் அந்த நியமனம் தொடக்கத்திலேயே கோணல்.

இடம் மாறியவர்கள்

எல்லா அடையாளங்களிலும் மிக நம்பகமானது ஒன்று: வந்தவர், ஏற்கெனவே இருக்கும் ஒரு வீரரிடம் மற்றவர்கள் பார்க்காத எதையாவது பார்க்கிறாரா?

ரே கென்னடி ஆர்சனலில் பெயர் வாங்கிய முன்கள வீரர். ஷாங்க்லி தம் விலகலை அறிவித்த அதே நாளில் லிவர்பூலுக்கு வந்து சேர்ந்தவர். வாங்கியவரின் கீழ் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் பெய்ஸ்லியின் கைக்கு வந்தார். கோல் அடிப்பதற்காக வாங்கப்பட்டவரிடம் வேகம் போதவில்லை. பெய்ஸ்லி அவரை விற்கவில்லை. இடது நடுக்களத்துக்கு இறக்கினார். பந்தைப் பதறாமல் அடக்கும் கால், சரியான நேரத்தில் முன்னேறும் கண் ஆகிய இரண்டும் அங்கே வேலை செய்தன. கென்னடி இங்கிலாந்து அணியிலும் இடம்பிடித்தார். 1977இல் ரோம் நகரில் லிவர்பூல் முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது ஆடிய 11 பேரில் 8 பேர் ஷாங்க்லியின் காலத்திலேயே கிளப்புக்கு வந்தவர்கள். பெய்ஸ்லி மாற்றியது ஆட்களை அல்ல, அவர்கள் நின்ற இடங்களை.

நாற்பது ஆண்டுகள் கழித்து அன்டோனியோ கான்டே செல்சியில் விக்டர் மோசஸிடம் செய்ததும் இதுவே. மூன்று சீசன்களாக வெவ்வேறு கிளப்புகளுக்கு இரவல் கொடுக்கப்பட்டுக் கிடந்த விங்கர் அவர். வலது விங்-பேக் ஆக்கப்பட்ட அதே சீசனில் லீக் பதக்கம் வாங்கினார்.

2024 கோடையில் யூர்கன் க்ளோப் விட்டுச்சென்ற லிவர்பூலுக்கு வந்த ஆர்னே ஸ்லாட், ரியல் சோசியடாட் கிளப்பின் மார்ட்டின் சுபிமெண்டியை நடுக்களக் காவலராக வாங்க நினைத்தார். அவர் வர மறுத்தார். அந்த இடத்துக்கு ஸ்லாட் கையிலிருந்த ரையான் கிராவன்பெர்க்கை நிறுத்தினார். முந்தைய சீசனில் நிரந்தர இடம் இல்லாமல் இருந்த அந்த டச்சு வீரர் அணியின் அச்சாணியானார். அந்தக் கோடையில் வாங்கப்பட்டு அந்த சீசனில் ஆடிய புதியவர் ஃபெடரிகோ கியேசா ஒருவர்தான். மற்றபடி முழுக்க க்ளோப் விட்டுச்சென்ற அணி. முகமது சலா 29 கோல்கள் அடித்து, மேலும் 18 கோல்களுக்குப் பாஸ் கொடுத்தார். 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று, நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கவே லிவர்பூல் 20ஆவது முறையாக லீக் சாம்பியன் ஆனது.

அதற்கு அடுத்த கோடையில் அதே கிளப் 40 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து ஃப்ளோரியன் விர்ட்ஸ், அலெக்சாண்டர் ஐசக், ஹியூகோ எகிடிகே உள்ளிட்டோரை வாங்கியது. செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் 22 வரை ஆடிய 7 லீக் ஆட்டங்களில் 6இல் தோற்றது. ஜூலையில் சக வீரர் தியோகோ ஜோட்டா சாலை விபத்தில் இறந்த துயரத்தோடு அந்த வீரர்கள் ஆடினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் ஒன்று விளங்குகிறது. வாங்கிய அணி வாரிசாக வந்த அணியைவிட எளிதில் வசப்படும் என்ற நினைப்புக்கு ஆதாரம் இல்லை. பல ஆண்டுகள் சேர்ந்து ஆடியவர்களுக்கு இடையே இருக்கும் புரிதலைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

ஆரம்ப சூரத்தனம்

புது மேனேஜர் வந்ததும் அணி இரண்டு மூன்று ஆட்டங்களை வென்றுவிட்டால் கொண்டாட்டம் தொடங்கிவிடுகிறது. இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் டச்சுப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல். நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, சரிவின்போது மேனேஜரை மாற்றிய கிளப்புகளை, அதேபோல் சரிந்தும் மாற்றாமல் பொறுத்திருந்த கிளப்புகளோடு ஒப்பிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டன. மேனேஜரை நீக்குவது பெரும்பாலும் அணி மிக மோசமாக இருக்கும் நேரத்தில். அங்கிருந்து எப்படியும் மேலே வரத்தான் செய்யும். அந்த ஏற்றம் முழுவதையும் புதியவர் கணக்கில் எழுதுவது தவறு.

இதன் மறுபக்கமும் உண்மை. தொடக்கத் தோல்விகளை மட்டும் வைத்து ஒருவரைக் கைவிடுவதும் தவறு. க்ளோப் 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு வந்தபோது, அவருடைய முந்தைய கிளப் டோர்ட்முண்டு கடைசி சீசனில் 7ஆம் இடத்தில் முடித்திருந்தது. லிவர்பூலின் ஆய்வுப் பிரிவை நடத்திய இயன் கிரஹாம் அந்த சீசனைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர். ஒவ்வொரு ஷாட்டும் அடிக்கப்பட்ட இடத்தையும் சூழலையும் வைத்து அது கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடும் கணக்கு அது. பெனால்டி என்றால் ஏறக்குறைய நான்கில் மூன்று கோலாகும். தூரத்திலிருந்து அடிப்பவை இருபதில் ஒன்றுகூடத் தேறாது. அந்தக் கணக்கில் டோர்ட்முண்டு நன்றாகவே ஆடியிருந்தது, அதிர்ஷ்டம்தான் மோசம்.

லிவர்பூலில் க்ளோப் முதல் சீசனை 8ஆம் இடத்தில் முடித்தார். பட்டியலை மட்டும் பார்த்தால் அது தோல்விதான். ஆனால் முந்தைய மேனேஜர் பிரெண்டன் ராஜர்ஸிடமிருந்து வந்த அதே வீரர்கள் அந்த ஆண்டு லீக் கோப்பையிலும் யூரோப்பா லீக்கிலும் இறுதி ஆட்டம் வரை போனார்கள். பந்தை இழந்த கணத்திலேயே மூன்று நான்கு பேர் சேர்ந்து எதிராளியை வளைக்கும் பழக்கம் சில மாதங்களில் அவர்களிடம் படிந்திருந்தது. முதல் சீசனில் பார்க்க வேண்டியது அதைத்தான்: மார்ச் மாதத்து அணி அக்டோபர் மாதத்து அணியைவிட வேறு மாதிரி ஆடுகிறதா?

சென்னையில் ஒரு சீசன்

இதற்கு ஐரோப்பாவை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. 2019-20 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசனில் சென்னையின் எஃப்.சி. முதல் 6 ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றது. 2018இல் கோப்பை வாங்கித் தந்த ஜான் கிரிகோரி விலகினார். பர்ன்லி, போல்ட்டன் கிளப்புகளில் மேனேஜராக இருந்த ஓவன் கோய்ல், சீசன் நடுவில், அடுத்தவர் சேர்த்த வீரர்களோடு பொறுப்பேற்றார்.

கோய்ல் வந்த பிறகும் டிசம்பரில் தோல்விகள் வந்தன. புத்தாண்டு பிறந்த சில நாட்களில் அணி வேறு முகம் காட்டியது. ரஃபேல் கிரிவெல்லாரோ பந்தைப் பகிர, லாலியன்ஸுவாலா சாங்டே ஓரத்தில் பாய, நெரியஸ் வால்ஸ்கிஸ் கோல்களாகக் குவித்தார். லித்துவேனியாக்காரரான வால்ஸ்கிஸ் 15 கோல்களோடு அந்த சீசனின் தங்கக் காலணியை வாங்கினார். அணி நான்காம் இடம்பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 6-5 என்று வென்று இறுதிக்குப் போனது. கொரோனா காரணமாக ரசிகர்கள் இல்லாத கோவா மைதானத்தில், 2020 மார்ச் 14 அன்று, ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றது. நேரு ஸ்டேடியத்தில் நவம்பரில் நம்பிக்கையிழந்து வீடு திரும்பியவர்கள் கண்டது பெரும்பாலும் அதே வீரர்களைத்தான். டிசம்பரில் கோய்லைத் திருப்பி அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுபடியும் கிளஃப்

1975 ஜனவரியில் கிளஃபுக்கு இன்னொரு வாரிசு அணி கிடைத்தது. இரண்டாம் டிவிஷனில் 13ஆம் இடத்தில் கிடந்த நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட். அந்த சீசனின் முடிவில் அணி இன்னும் கீழே இறங்கி 16ஆம் இடத்துக்குப் போனது. வெறும் முடிவுகளைப் பார்த்திருந்தால், அவர் இங்கேயும் தோற்றார் என்று எழுதி முடித்திருக்கலாம். கிளப் காத்திருந்தது. 1976இல் பீட்டர் டெய்லரும் வந்து சேர்ந்தார்.

அங்கே ஜான் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். உடம்பைப் பேணாதவர், சோம்பலானவர் என்று பெயர். நடுக்களத்தில் நிலையான இடம் இல்லை. அவருடைய இரண்டு கால்களும் பந்தோடு பேசுவதைக் கிளஃபும் டெய்லரும் கண்டுகொண்டார்கள். கடுமையாகக் கண்டித்தார்கள், இடது ஓரத்தில் நிறுத்தினார்கள், பந்தை எப்போதும் அவரிடமே கொடுக்கும்படி மற்றவர்களுக்குச் சொன்னார்கள். லீட்ஸில் பதக்கங்களைக் குப்பை என்றவர், இங்கே குப்பை என்று ஒதுக்கப்பட்டவரிடம் பதக்கத்தைப் பார்த்தார். 1977இல் ஃபாரஸ்ட் முதல் டிவிஷனுக்கு ஏறியது; 1978இல் லீக் சாம்பியன்; 1979இல் ஐரோப்பிய சாம்பியன்.

ஒரே மனிதர், லீட்ஸுக்கும் ஃபாரஸ்ட்டுக்கும் இடையே நான்கே மாதம். அவர் திறமை இடையில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு மேனேஜரை அவர் ஏற்கும் வீரர்களிடமிருந்து தனியே பிரித்து மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அடுத்த முறை நம் அணிக்குப் புதியவர் ஒருவர் வரும்போது, வீரர்களின் வயதையும் அவர் ஆடவைக்கும் அமைப்பையும் ஒருமுறை சேர்த்துப் பார்ப்போம். ஒதுங்கிக் கிடந்த யாராவது ஒருவர் புதிய இடத்தில் மலர்கிறாரா என்று கவனிப்போம். அதற்கு ஒரு சீசனாவது அவகாசம் கொடுப்போம்.

1980 மே 28. லீட்ஸ் பாரிஸில் தோற்ற நாளிலிருந்து சரியாக ஐந்து ஆண்டுகள். மாட்ரிட்டில் ஃபாரஸ்ட் ஜெர்மனியின் ஹாம்பர்க் அணியை 1-0 என்று வென்று இரண்டாம் முறையாக ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. கிளஃப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கிய டிரெவர் ஃபிரான்சிஸ் காயத்தால் அன்று ஆடவில்லை. ஒரே கோலை அடித்தவர் ஜான் ராபர்ட்சன். தொடக்கத்தில் களமிறங்கிய 11 பேரில் விவ் ஆண்டர்சன், மார்ட்டின் ஓ'நீல், இயன் போயர், ராபர்ட்சன் ஆகிய நால்வர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்த ஜனவரியில் கிளஃப் வந்து சேர்ந்தபோதே கிளப்பில் இருந்தவர்கள்.